பெங்களூருக்குக் குடும்பத்தோடு மாறுகிறீர்களா? லீஸ் வீடு, காவேரித் தண்ணீர், ‘பக்கத்துலயே ஸ்கூல்’ — பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

ஏப்ரல் பிறந்ததும் சென்னை, கோவை, மதுரைப் பக்கமிருந்து பெங்களூருக்கு மாற்றலாகும் குடும்பங்கள் வீடு தேட ஆரம்பிக்கும். வேலையில் சேர வேண்டிய தேதி முடிவாகியிருக்கும், ஜூனில் பள்ளி திறந்துவிடும், நேரில் வந்து பார்க்கக் கிடைப்பது ஒரு சனி ஞாயிறு. இந்த அவசரத்தை நம்பியே ஒரு கூட்டம் பிழைக்கிறது. புரோக்கர் நல்ல தமிழிலேயே பேசுவார். “சார், இன்னைக்கே டோக்கன் போட்ருங்க, மதியம் இன்னொரு ஃபேமிலி பாக்க வர்றாங்க.” அந்த மதியக் குடும்பம் பெரும்பாலும் வருவதில்லை.

இருப்பதிலேயே பெரிய பள்ளம் லீஸ் வீடுதான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

“வாடகையே கிடையாது சார். இருபது லட்சம் கொடுங்க, மூணு வருஷம் இருங்க, காலி பண்ணும்போது முழுசா வாங்கிட்டுப் போங்க.” நம்ம ஊரில் ஒத்தி, போக்கியம் என்று பழகின ஏற்பாடு என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் சந்தேகமே வருவதில்லை. கையில் ஊர் நிலம் விற்ற காசு இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 1,40,000 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 11,700. அதே வீடு வாடகைக்குப் போனால் மாதம் 35,000 வரும். மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் நஷ்டப்பட்டு ஒருவர் ஏன் லீஸுக்கு விடுகிறார்? ஒன்று, அவருக்கு அவசரமாக மொத்தப் பணம் தேவைப்படுகிறது, அதாவது தலைக்கு மேல் கடன் இருக்கலாம். இல்லையென்றால் லீஸுக்கு விடுகிறவர் வீட்டுக்காரரே இல்லை.

இரண்டாவது வகை நடக்கிற விதம் இது. ‘பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட்’ என்று போர்டு மாட்டிய ஒரு நிறுவனம் வீட்டுக்காரரிடம் 35,000 வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் போட்டு வீட்டை எடுக்கும். அவருக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுக்கும். அதே வீட்டை உங்களுக்கு 20 லட்சத்துக்கு லீஸுக்கு விடும். ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்காது, ‘உரிமையாளரின் பிரதிநிதி’ என்று நிறுவனத்தின் முத்திரை இருக்கும். சில மாதங்கள் வீட்டுக்காரருக்கு வாடகை ஒழுங்காகப் போகும், அதுவும் உங்கள் பணத்திலிருந்தே. பிறகு நின்றுவிடும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் நேரில் வந்து, “வாடகை பாக்கி, காலி பண்ணுங்க” என்பார். நீங்கள் லீஸ் பத்திரத்தை எடுத்துக் காட்டுவீர்கள், அவர் தன்னுடைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவார். இரண்டு பேரும் பேசுவது உண்மை. நிறுவனத்தின் ஆபீஸ் அதற்குள் பூட்டியிருக்கும்.

முதல் வகையில் வீட்டுக்காரர் அசல் ஆள்தான், ஆனால் வீடு வங்கிக் கடனில் இருக்கும். அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை எடுத்து ஏலம் போடும். வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட லீஸை வங்கி மதிக்க வேண்டியதில்லை. ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும்போதுதான் பல குடும்பங்களுக்கு விஷயமே தெரிகிறது.

எனவே லீஸுக்குப் போவதென்று முடிவே செய்துவிட்டால் இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள், குறைந்தது 15 வருஷத்துக்கு. அதில் உள்ள பெயர், இ-காத்தாவில் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) உள்ள பெயர், சொத்துவரி ரசீது, ஆதார் நாலும் ஒரே ஆளா என்று பாருங்கள். வில்லங்கத்தில் அடமானம் தெரியவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகாது. கிரயப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கும் கடன் எல்லாமே பதிவாவதில்லை. வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாய் (CERSAI) தளத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் வங்கி அடமானம் தெரியவரும். இதையெல்லாம்விடச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு: “அசல் பத்திரத்தைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டுமே வந்தால் அசல் எங்கே இருக்கிறதென்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. “11 மாசத்துக்கு எழுதிக்கலாம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்” என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வீட்டுக்காரரே வர வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால், பொது அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் போக வேண்டியது காத்தாவில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும். “பாதி கேஷ்” என்றால் அந்தப் பாதி போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால் புது ஊரில் முதல் வருஷம் லீஸே வேண்டாம். 11 மாத வாடகைக்கு ஒரு ஏரியாவில் இருந்து பாருங்கள். ஏரியா சரியில்லை என்றால் வாடகை வீட்டிலிருந்து வெளியே வர ஒரு மாதம் போதும். 20 லட்சம் மாட்டியிருந்தால் மூணு வருஷம் அசைய முடியாது.

இணையத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு வேறொரு வலை இருக்கிறது. “நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போய்விட்டேன், வீட்டை நல்ல குடும்பத்துக்குத்தான் விடுவேன்” என்பார். சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வீடு பார்க்கப் போக வேண்டுமென்றால் ‘கேட் பாஸ்’ எடுக்க 2,500 ரூபாய், வந்ததும் திருப்பித் தருவாராம். பிறகு “ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள், ரெண்டு ரூபாயா திரும்ப வரும்” என்று பழக்கிவிட்டு, பெரிய தொகைக்கு கியூஆர் கோடு அனுப்புவார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

இனி ‘ஃபேமிலி ஏரியா’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். பூங்கா, நீச்சல் குளம், கேமரா எல்லாம் காட்டுவார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் “காவேரி கனெக்‌ஷன் இருக்கு” என்று ஒரே வரி. அது உண்மையாகக்கூட இருக்கும், ஆனால் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. குழாய் இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. குடிநீர் வாரியத்தின் கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். 40 வீடுள்ள அபார்ட்மென்டுக்கு ஒரு நாளைக்கு 21,600 லிட்டர், மாதத்துக்கு 648 கிலோலிட்டர். பில்லில் 150 கிலோலிட்டர் என்றிருந்தால் மீதி முழுக்க போர்வெல்லும் டேங்கரும்தான். போர் வற்றினால் தினம் இரண்டு 12,000 லிட்டர் டேங்கர் வர வேண்டும். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த விலைக்கே பார்த்தாலும் மாதம் 60,000, வீட்டுக்கு 1,500 ரூபாய் மெயின்டெனன்ஸில் ஏறும். வரம்புக்குள் டேங்கர் கிடைக்காவிட்டால் இன்னும் கூடும்.

2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சர்ஜாபூர் ரோடு, வர்த்தூர் பக்கம் புரோக்கர்கள் இதைத்தான் சொல்லி விற்கிறார்கள். தெருவில் குழாய் போட்டாலும் அபார்ட்மென்ட் சங்கம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால்தான் உள்ளே இணைப்பு வரும். கட்டணம் பெரிது என்று கட்டாமல் இருக்கும் சங்கங்கள் உண்டு. வாட்ச்மேன் மேஜையில் டேங்கர் பதிவு நோட்டு இருக்கும், ஒரு பக்கம் புரட்டினால் போதும். பாத்ரூம் குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர்த் தண்ணீரின் கடினத்தன்மை. கீசர் காயிலும் குழந்தைகள் தலைமுடியும் அதற்கு விலை கொடுக்கும்.

மழையையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர், எமலூர்ப் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களிலிருந்தே ஆட்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஏரிக்கும் ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாய்க்கும் பக்கத்தில் வீடு என்றால் பேஸ்மென்ட் தூண்களைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரே மட்டத்தில் பெயின்ட் உரிந்திருந்தாலோ, அந்த உயரம் வரை மட்டும் புதிதாக அடித்திருந்தாலோ விஷயம் தெரிந்துவிடும்.

ஆபீஸ் தூரத்தை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேப்பில் செவ்வாய் காலை 8.45க்குக் கிளம்புவதாக நேரம் வைத்துப் பாருங்கள். கார்மேலாரம் ரயில்வே கேட், பாணத்தூர் ரயில் பாலத்தடி இரண்டுக்கும் அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் ஆபீஸ் என்றால் 4 கிலோமீட்டர் என்பது வெறும் எண். மெட்ரோவை நம்புவதென்றால் ஓடுகிற பாதையை நம்புங்கள்: ஒயிட்ஃபீல்டு வரை ஊதாப் பாதை 2023 அக்டோபரில் முழுதாகத் திறந்தது, ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் வந்தது. “மெட்ரோ வரப்போகுது” என்று கட்டுமானத்தைக் காட்டி வாடகை ஏற்றினால், தூசியும் நெரிசலும்தான் உங்களுக்கு மிஞ்சும். ஓசூரில் வீடு எடுத்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரலாம் என்று நினைப்பவர்களுக்கு: தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் விட்டுப்போகாது, வாடகை குறைவு, ஆனால் மெட்ரோ அங்கே வரை இல்லை, அத்திப்பள்ளி டோலைத் தினமும் தாண்ட வேண்டும்.

பள்ளி விஷயத்தில் ஏமாற்றம் வேறு மாதிரி. ‘சிபிஎஸ்இ பாடத்திட்டம்’ என்று போர்டு வைத்த பள்ளிக்கு சிபிஎஸ்இ இணைப்பு இருக்க வேண்டுமென்று இல்லை. புது ஏரியாக்களில் கட்டடம் முந்தும், அனுமதி பிந்தும். இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி சிபிஎஸ்இ தளத்தில் தேடுங்கள். கர்நாடகப் பள்ளி என்றால் எண் 83 என்று தொடங்கும். எந்த வகுப்பு வரை, எந்த வருஷம் வரை அனுமதி, எந்த முகவரிக்கு என்று அதிலேயே இருக்கும். அதே நிறுவனத்தின் வேறு கிளையின் எண்ணைக் கொடுப்பது பழைய தந்திரம், அதனால் முகவரியைக் கட்டாயம் ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டுமென்று விதி வந்தது, 2025-26க்கு 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள். யுகேஜி முடித்த பிள்ளையை மறுபடி யுகேஜியில் உட்கார வைத்து இன்னொரு வருஷக் கட்டணம் வாங்கும் நிலை இதனால்தான் வருகிறது. கட்டணம் கட்டிய பிறகு பிறந்த தேதியைப் பார்க்கும் பள்ளிகள் உண்டு, கட்டியது திரும்ப வராது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி சிபிஎஸ்இ பள்ளிகளிலும் கன்னடம் கற்றாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைக்கு எழுத்திலிருந்து சொல்லித்தரத் தனி வகுப்பு இருக்கிறதா என்று ஆசிரியரிடமே கேளுங்கள், அட்மிஷன் கவுண்டரில் வேண்டாம்.

அல்சூர், ஜீவன்பீமா நகர் மாதிரிப் பழைய பகுதிகளில் லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்த இடம் இருக்காது. ஆனால் காவேரித் தண்ணீரும் நடந்துபோகிற தூரத்தில் பள்ளியும் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அங்கே சிறிய வீடே மேல் என்பது எங்கள் எண்ணம்.

வாடகைக்கே போனாலும் அட்வான்ஸைப் பற்றி ஒரு சொல். 5 முதல் 10 மாத வாடகை கேட்பார்கள், பேசினால் குறையும். காலி பண்ணும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் ‘பெயின்டிங், கிளீனிங் உட்பட ஒரு மாதம் மட்டும்’ என்று எழுதிக்கொள்ளாவிட்டால் கிளீனிங், கீறல், ஆணி ஓட்டை என்று தனித்தனியாகப் போகும். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். மின் இணைப்பு எண்ணை வாங்கி பாக்கி இருக்கிறதா என்றும், கிருஹ ஜோதி இலவச மின்சாரத்தில் முந்தைய குடித்தனக்காரர் பெயர் நீக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அந்தளவு பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு. லீஸ் மோசடி என்றால் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் பிடி அது ஒன்றுதான். வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் ஏமாந்தவரே. இனி வரும் மாத வாடகையை அவருக்கு நேரடியாகக் கட்டுவதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து நிறுவனத்தின் மீது புகார் கொடுங்கள். அதே நிறுவனத்திடம் ஏமாந்த மற்றக் குடும்பங்களையும் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் “இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிடுவார்கள். பத்துக் குடும்பம் ஒரே பெயரைச் சொன்னால் எஃப்ஐஆர் போடாமல் தட்டிக்கழிப்பது கஷ்டம்.