வெனிலாக் காய் என்று நம்பி வாங்கினேன், வந்தது சக்கை

வீட்டில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் (காயை ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கும் சாறு) போடக் காய் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்தவை ஏற்கெனவே ஒருமுறை சாறு இறக்கிய காய்கள். அவற்றைக் காயவைத்து, எண்ணெய் தடவி, மேலாக வாசனை ஏற்றிப் புதுக் காய் போல விற்றிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிய 8 வாரத்துக்கு மேல் ஆனது. திருப்பி அனுப்ப அவர்கள் கொடுத்திருந்த கெடு 10 நாள். இந்த இடைவெளியை நம்பித்தான் இவர்கள் விற்கிறார்கள்.

நான் ஆசைப்பட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வெனிலா எசன்ஸ் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கை வெனிலின். வெனிலின் என்பது வெனிலாவின் முக்கிய மணப்பொருள். 1874லேயே வெனிலினை ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் காயில் இருப்பது வெனிலின் மட்டும் இல்லை, 200க்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்கள் அதோடு சேர்ந்திருக்கின்றன. ஒருமுறை நல்ல எக்ஸ்ட்ராக்டை முகர்ந்து பார்த்த பிறகு எசன்ஸ் பாட்டிலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு லிட்டர் போட்டுச் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, நெருங்கியவர்கள் ஆறு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாட்டில்களைக்கூட முன்னாலேயே வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

செய்முறை சுலபம். காயை நீளவாக்கில் கீறி, 40 சதவீத ஆல்கஹால் உள்ள வோட்காவில் முழுக முழுகப் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். குறைந்தது 8 வாரம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது. காயின் அளவுக்கு நான் அமெரிக்க உணவுச் சட்டத்தைப் பின்பற்றினேன். 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று பெயர் போட அங்கே 35 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும், ஒரு காலனுக்கு 13.35 அவுன்ஸ் காய் போட்டிருக்க வேண்டும். நம் கணக்குக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். வீட்டில் போடுகிறவர்கள் பலர் ஐந்தாறு காயை ஒரு பெரிய பாட்டிலில் போட்டுவிட்டு வாசனை வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் எடை போட்டு வாங்கினேன்.

வாங்கியது இணையத்தில். உறையில் 'மடகாஸ்கர் போர்பன், முதல் தரம்' என்று அச்சிட்டிருந்தது. போர்பன் என்ற பெயர் அந்தப் பெயரில் வரும் விஸ்கியிலிருந்து வந்ததல்ல. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் பழைய பெயர் போர்பன், அங்கிருந்து வந்த வழக்கு அது. விலையும் சந்தேகப்படும்படி மலிவாக இல்லை. வாங்கியவர்களின் கருத்துகளைப் பொறுமையாகப் படித்தேன், அத்தனையும் புகழ்ச்சி. ஒன்றை மட்டும் அப்போது கவனிக்கவில்லை. எல்லோரும் உறையைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருந்தார்கள். 'திறந்ததும் அறை முழுக்க மணம்' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று மாதம் ஊறிய பிறகு எப்படி இருந்தது என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கும் முதல் நாள் அதே அனுபவம்தான். 34 காய்கள். கன்னங்கரேல் என்று, பளபளவென்று, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும்படி இருந்தன. மணம் மிட்டாய் போலத் தூக்கலாக இருந்தது. நல்ல காயின் மணம் அப்படி ஒரே சுருதியில் இருக்காது, உலர்ந்த பழம், புகையிலை, மரம், தோல் எல்லாம் கலந்து மெதுவாக வரும். இதை இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு எனக்கு ஒப்பிட வேறு காய் இல்லை. கீறும்போது உள்ளே விதை குறைவாகத்தான் இருந்தது, கத்தி முனையில் ஈரப்பசையாக ஒட்டாமல் மணல் மாதிரி உதிர்ந்தது. சில காய்களில் நுனி ஏற்கெனவே பிளந்திருந்தது. காய் முற்றினால் நுனி தானாகவும் பிளக்கும் என்று படித்திருந்ததால் அதையும் விட்டுவிட்டேன். ஐந்து காய்களை மட்டும் வேறு தேவைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் கீறிப் போட்டு, அந்த எடைக்குத் தகுந்த அளவு வோட்கா ஊற்றித் தேதி எழுதி அலமாரியில் வைத்தேன்.

நல்ல காய் என்றால் ஒரு நாளிலேயே வோட்கா பழுப்பேறத் தொடங்கும். என் பாட்டில் ஒரு வாரம் கழித்தும் வைக்கோல் நிறத்தைத் தாண்டவில்லை. நான்காவது வாரம் மேலே எண்ணெய்ச் சொட்டுகள் வட்டம் வட்டமாக மிதந்தன. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல காயிலிருந்தும் கொஞ்சம் பிசின் கலந்த எண்ணெய் இறங்கும், மெல்லிய படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். என் பாட்டிலில் இருந்தது படலம் இல்லை. குலுக்கினால் உடைந்து, வைத்ததும் மறுபடி ஒன்று சேரும் சொட்டுகள். எட்டு வாரம் முடிந்து வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் விட்டுப் பார்த்தேன். சாராய நெடியைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றைக்கு மனசு விட்டுப்போனது.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில், ஒரு வருடம் பொறுங்கள் என்று வந்தது. இது கெட்டிக்காரத்தனமான பதில், ஏனென்றால் பாதி உண்மை. நாள் ஆக ஆக மணம் முதிரும் என்பது சரிதான். ஆனால் எட்டு வாரத்தில் ஒன்றுமே இறங்காத காயிலிருந்து ஒரு வருடத்தில் எதுவும் இறங்காது. இரண்டாவது பதில், வோட்கா தரமில்லை. மூன்றாவதாக, இன்னும் வீரியமான ஆல்கஹால் எதையாவது பயன்படுத்துங்கள் என்றார்கள். தயவுசெய்து இந்த யோசனையை யாரும் கேட்காதீர்கள். துடைக்கவும் எரிக்கவும் விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது கண் பார்வையையும் உயிரையும் பறிக்கும். கையில் தேய்க்கும் கிருமிநாசினி சிலவற்றில் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நச்சுதான். குடிக்கத் தகுந்தது என்று விற்கும் ஆல்கஹாலில் மட்டும்தான் வெனிலா போட வேண்டும், அதுவும் 35 முதல் 40 சதவீதம் இருந்தால் போதும். காயில் என்ன எண்ணெய் தடவியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

வோட்காதான் காரணம் என்று சொன்னதை அப்படியே விட மனம் வரவில்லை. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் தோழி ஒருவர் பல வருடங்களாக ஒரே விவசாயியிடம் காய் வாங்குகிறார். அவரிடம் மூன்று காய் வாங்கி வந்தேன், 10 கிராம் இருந்தது. நான் எடுத்து வைத்திருந்த ஐந்தில் மூன்றை எடுத்து அதையும் 10 கிராமாக நிறுத்தேன். ஒரே வோட்கா, தலா 100 மில்லி, ஒரே மாதிரி பாட்டில், ஒரே அலமாரி. மறுநாள் காலையில் தோழியின் காய் போட்ட பாட்டில் இளம் பழுப்பு, என்னுடையது நிறமே ஏறாத வெறும் தண்ணீர் மாதிரி. பத்தாவது நாள் அவருடையது பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது, மூடியைத் திறந்ததும் நெடிக்கு அடியிலிருந்து மணம் எழுந்தது. என்னுடையதில் மேலே எண்ணெய்ச் சொட்டு. இரண்டையும் படம் பிடித்து அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை. நான் பணம் செலுத்திய வழியில் புகார் கொடுத்தபோது, பொருள் வந்து சேர்ந்துவிட்டது, திருப்பும் கெடுவும் முடிந்துவிட்டது என்று மூடிவிட்டார்கள்.

சாறு இறக்கிய காயை விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ட்ராக்ட் தயாரிக்கும் இடங்களில் மிஞ்சும் விதையை உலர்த்தி, ஐஸ்கிரீமில் கரும்புள்ளி தெரிவதற்காக விற்பதுண்டு. சக்கை என்று சொல்லி, சக்கைக்கு உள்ள விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். சாறு இறக்கவே வாங்குகிறவருக்கு அதை முதல் தரம் என்று கொடுப்பது மோசடி. இதில் ஏமாறுவது வாங்குகிறவர் மட்டும் இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வெனிலா ஒரு ஆர்க்கிட் கொடி. பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841ல் கண்டுபிடித்தது ரீயூனியனில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ். காய் முற்ற ஏறக்குறைய 9 மாதம். பச்சைக் காயில் மணமே கிடையாது. வெந்நீரில் முக்கி, போர்த்தி வியர்க்க வைத்து, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் மணம் பிறக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். மடகாஸ்கரில் திருட்டுக்குப் பயந்து, கொடியில் இருக்கும்போதே காயில் ஊசியால் குத்தித் தங்கள் அடையாளத்தைப் பதிக்கிறார்கள். இத்தனை பாடுபட்டவர்களின் பெயரைச் சொல்லித்தான் சக்கையை விற்கிறார்கள்.

சரி, காய் கைக்கு வந்ததும் என்ன செய்யலாம்? மொத்தத்தையும் கீறிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். ஒரு காயை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கி 30 மில்லி வோட்காவில் அன்றைக்கே போடுங்கள். நறுக்கிப் போட்டால் சீக்கிரம் இறங்கும். இரண்டு மூன்று நாளில் திரவம் நன்றாகப் பழுப்பேற வேண்டும். ஐந்தாவது நாள் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, ஆல்கஹால் பறந்த பிறகு முகர்ந்து பாருங்கள். மணத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெனிலின் வெள்ளைப் பொடி, அதற்கு நிறம் கிடையாது. காயின் மற்ற சத்துகள்தான் பழுப்பைத் தருகின்றன. அதனால் மிட்டாய் மணம் வந்தும் திரவம் வெளிறியே இருந்தால், அது மேலே தூவிய வெனிலினாக இருக்க வாய்ப்பு அதிகம். நான் இந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருந்தால் கெடுவுக்குள் திருப்பியிருப்பேன்.

இன்னொரு காயை வோட்கா நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, தட்டில் திறந்தபடி இரண்டு நாள் வையுங்கள். என்னிடம் மிஞ்சிய இரண்டு காய்களில் ஒன்றை அப்படி வைத்தேன். மணம் முழுவதும் துணிக்குப் போய்விட்டது, மூன்றாம் நாள் காய் வெறும் காய்ந்த தோல். நல்ல காயைத் துடைத்தாலும் உள்ளிருந்து மணம் வந்துகொண்டே இருக்கும். மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே பூஞ்சை என்று எறியவும் வேண்டாம். ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், நல்ல அடையாளம். பஞ்சு போல, மங்கலாக இருந்தால்தான் பூஞ்சை.

முதல் தரம் என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். எக்ஸ்ட்ராக்டுக்கு ஈரம் குறைந்த இரண்டாம் தரக் காயே போதும், அதே எடையில் தண்ணீர் குறைவு, சத்து அதிகம். அதில் பளபளப்பு இருக்காது, சுருங்கிக் காய்ந்துதான் இருக்கும். காற்று நீக்கிய உறையில் கசகசவென்று ஈரமாக வரும் காயிடமும் எச்சரிக்கையாக இருங்கள். முற்றாமல் பறித்து, எடை குறையாமல் இருக்க அரைகுறையாகப் பதப்படுத்தி அப்படி அடைப்பவர்கள் உண்டு. உறையைப் பிரித்த சில நாளில் அது பூஞ்சை பிடித்துவிடும்.

என் பெரிய பாட்டிலை முழுக்கக் கொட்டிவிட்டேன். என்ன எண்ணெய் என்று சொல்ல மறுக்கிறவரின் பொருளை நான் ஆறு வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏற்கெனவே காய் வாங்கி ஊறப் போட்டிருப்பவர்கள், பாட்டில் எத்தனையாவது வாரத்தில் இருந்தாலும் இன்றைக்கே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று வாரம் தாண்டியும் வெளிறியிருந்தால், தெரிந்த இடத்திலிருந்து ஒரே ஒரு நல்ல காய் வாங்கி அதே வோட்காவில் பக்கத்தில் போடுங்கள். தினமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு முடிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் விற்றவருக்கு எழுதுங்கள்.