சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு முத்திரை: எதுவரை நம்பலாம்?

வைஃபை ரூட்டர், வீட்டுக் கேமரா போன்ற இணையச் சாதனங்களுக்காகச் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய முத்திரைத் திட்டம், கடையில் எதை வாங்குவதென்று தயங்கி நிற்பவருக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதன் 4 நிலைகளும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல: எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் வைக்காதிருத்தல், மென்பொருளைப் புதுப்பித்து வருதல் போன்றவற்றைத் தயாரிப்பாளரே உறுதிகூறிப் பெறுபவை முதலிரண்டு நிலைகள், 3, 4 ஆகியவற்றுக்குத்தான் தனி ஆய்வகம் சாதனத்தைச் சோதிக்கிறது. எனவே குழந்தையின் அறைக்கான கேமராவில் 3ஆம் நிலைக்குக் குறைந்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். முத்திரை அதிகபட்சம் 3 ஆண்டுகளே செல்லும் என்பது நல்ல ஏற்பாடு. நம் தரவை நிறுவனம் எவருக்கெல்லாம் தருகிறது என்பதை அந்த நிலை எண் காட்டாதது, என் பார்வையில், சிறிய குறையன்று.