நாகர்கோவில் சீன மொழி வகுப்பு: எரிச்சல் பாடம் பிரமாதம், தொனிப் பயிற்சி போதாது

நாகர்கோவிலில் ஒரு மாடியில் வார இறுதிகளில் நடக்கும் சீனப் பேச்சு வகுப்பு இது. எச்.எஸ்.கே. என்கிற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்குப் போகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இங்கே வருவது கப்பல் வேலை பார்க்கிற பையன்களும், சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்து மொபைல் கவர் இறக்குகிற கடைக்காரர்களும்தான். வணக்கம், நன்றி எல்லாம் இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், எதிராளி முனகும்போது அது கோபமா வெறும் சலிப்பா என்பதுதான் பிடிபடாது.

அதைச் சொல்லித் தருகிற பாடத்துக்காகவே சேரலாம். சரக்கு தாமதமானால் 'ஜென் ஷ் த', நம்ம ஊர் 'சே, என்னடே இது' அளவுதான். 'ஊ யூ' என்றால் இதுக்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று கையை விரிப்பது, சீனர்களின் மெசேஜ் ஆப்பான வீசாட்டில் சர்வசாதாரணம். 'வொ ஃபூ ல' என்பது 'சரி சாமி, ஆளை விடு'. 'எரிச்சலில் செத்தேன்' என்கிற 'ஃபான் ஸ் ல'வில் சாவு இருக்கிறது, ஆனாலும் யாரும் பதறுவதில்லை, நாம் பேச்சுக்குப் பேச்சு 'எளவு' என்கிறோமே! 'தாவ் யென்' காதலர்களுக்குள் கொஞ்சல், வேறு ஆளிடம் சொன்னால் நிஜ வெறுப்பு. 'யோ வான் மெய் வான்' மட்டும் காரம், 'இதுக்கு முடிவே கிடையாதா' என்று முகத்துக்கு நேரே கேட்பது, சரக்கு வாங்கப் போன இடத்தில் வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று டீச்சரே எச்சரித்தார்.

ஆனால் தொனி? சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனி, அதோடு தொனியில்லாத மெல்லிய அசை ஒன்று. 'ஃபான்' மேலே ஏறினால் எரிச்சல், கீழே விழுந்தால் சோறு. இதைப் போய் வகுப்பு மொத்தமும் கோரஸாகச் சொன்னால் யாருக்குப் பிசகியது என்று எப்படித் தெரியும், ஒவ்வொருவரையும் தனியாகச் சொல்ல வைத்துத் திருத்த வேண்டாமா? ஜெராக்ஸ் நோட்ஸில் பின்யின், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய சீனம் மட்டும், அதிலும் தொனிக்குறி பாதி இடத்தில் காணோம். ஒலிப்பதிவு கேட்டால் 'அடுத்த வாரம்'.

கட்டணம் முழுவதும் முன்பணம், நின்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் விடுகிறார்கள். பைக்கில் போகிறவர்கள் கொஞ்சம் முன்னாலேயே போங்கள், கீழே வண்டி நிறுத்த இடமே கிடையாது.