டிராக்டர் கேபின் ஏசி: கேஸ் ஏற்றிக்கொண்டே இருப்பதா, லீக்கை அடைப்பதா?

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பண்ணைக்காட்டில் ஏசி டிராக்டரா என்று சிரிக்காத ஆள் இல்லை. வண்டி சம்பாதிப்பது கீழே, வத்தலக்குண்டு, சித்தையன்கோட்டை பக்கம். அறுப்பு முடிந்த வயலில் வைக்கோல் கட்டும்போது கிளம்பும் தூசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சீசன் முடிந்ததும் மேலே வந்து டிரெய்லர் இழுக்கும், பாதி நாள் கொட்டகையில் நிற்கும். மேலே ஏசியைப் போடுவது பனிமூட்டத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் படியும் ஈரத்தைப் போக்கத்தான்.

செகண்ட்ஸில் வாங்கிய வண்டி. முதல் சீசனில் இரண்டு முறை கேஸ் காலி. அடுத்த சீசன் தொடங்கும்போது மூன்றாம் முறை.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள். தலையில் தண்ணீர் சொட்டினால் அது கேஸ் லீக் அல்ல. கூலிங் காயில் கூரைக்குள் இருக்கிறது, அதன் வடிகுழாய் தூசியில் அடைத்திருக்கும். காற்றடித்தால் சரியாகிவிடும். சரிவில் நிறுத்தினாலும் தட்டில் நிற்கும் தண்ணீர் ஒரு பக்கமாக வழியும், மலையில் இது சகஜம்.

குளிர்ச்சியே குறைந்தால்தான் கேஸ் பிரச்சினை. கேஸ் ஏற்றுவது சுலபம். குளிர்ச்சி தருவதற்காக ஏசிக்குள் சுற்றும் 134ஏ கேஸ், அரை மணி நேர வேலை, என்னிடம் வாங்கியது 1,800 ரூபாய். "அண்ணே, இதுல இந்த சீசன ஓட்டிரலாம்" என்றார் மெக்கானிக். பாதி சீசன் ஓடியது. அறுப்பு நடுவில் வண்டியை நிறுத்த முடியாத நிலையில் நானும் அதைத்தான் செய்தேன், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். லீக்கை அடைக்கும் மருந்து டப்பாவும் கிடைக்கிறது. நான் போட்டதில்லை. ஆனால் திண்டுக்கல்லில் ஏசி வேலை பார்க்கும் ஒருவர், அந்த மருந்து போட்ட வண்டியில் கேஸ் ஏற்றி இறக்கும் தன் மெஷினை மாட்டவே மாட்டேன் என்றார். உள்ளே போய் இறுகி மெஷினையே அடைத்துவிடுமாம். பிறகு பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்காது என்றால் எனக்கு அது வேண்டாம்.

கடைசியில் நான் செய்தது லீக்கைத் தேடி அடைப்பது. காரணம் கேஸ் விலை அல்ல, ஆயில். கம்ப்ரசருக்கு உயவு கொடுக்கும் ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும். ஓஸ் மூட்டில் தூசி கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். ஒவ்வொரு முறையும் கேஸை மட்டும் ஏற்றினால் போன ஆயில் திரும்பி வராது. ஒருநாள் கம்ப்ரசர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதோடு போகாது, உலோகத் தூள் கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் பாகம்), வால்வு எல்லாவற்றுக்குள்ளும் ஓடிவிடும். கம்ப்ரசருக்கு மட்டும் எனக்குச் சொன்ன விலை 22,000. இந்தக் கணக்கில் 1,800 மலிவாகத் தெரியவில்லை.

லீக்கைக் கண்டுபிடிப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. முதலில் எங்கள் கொட்டகையில், காலைக் குளிரில் சோப்பு நுரை போட்டுத் தேடினோம். ஒரு குமிழ் வரவில்லை. நிற்கிற வண்டியில் இந்தக் கேஸின் அழுத்தம் 15 டிகிரியில் சுமார் 56 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. மேலே வாயை மூடிக்கொண்டிருக்கும் ஓட்டை கீழே வெயிலில்தான் வாயைத் திறக்கிறது. டயர் காற்றை அடைத்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். காற்றோடு ஈரமும் உள்ளே போகும், வேண்டாம். வத்தலக்குண்டுக்கு இறக்கி, நைட்ரஜன் அடைத்துப் பார்த்ததில் கம்ப்ரசர் பக்கத்து ஓஸின் கிரிம்ப்பில், அதாவது ஓஸையும் உலோக முனையையும் நெரித்துப் பிடிக்கும் இடத்தில், நுரை பொங்கியது.

கம்பெனி ஓஸ் வர பத்து நாள், விலையும் மூன்று மடங்கு. ஓஸ் கடையில் கிரிம்ப்பை வெட்டிப் புதிதாகப் போட்டுக்கொண்டேன். பிரித்த மூட்டுகளுக்கெல்லாம் புது ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் புதிது, குறைந்துபோன அளவுக்கு ஆயில், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் இழுக்கும் வேக்கம், எடை போட்டுக் கேஸ், எல்லாம் சேர்த்து 6,400. இரண்டு சீசன் தாங்கியிருக்கிறது. ஐந்து வருடம் தாங்குமா என்று கேட்டால் பதில் இல்லை. லீக் கண்டென்சரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் வேறு கதை. ஒட்டன்சத்திரத்து நண்பர் ஒருவர் அலுமினிய வெல்டிங் வைத்தார், சில மாதத்தில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கசிந்து புதிதுதான் வாங்கினார். ஒரே ஒரு வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மலையிலேயே வேலை பார்க்கச் சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. கடல்மட்டத்தில் வேக்கம் மீட்டர் பாதரசக் கணக்கில் 29 அங்குலத்துக்கு மேல் இறங்கும். உயரம் ஆயிரம் அடி கூடினால் காற்றழுத்தம் குறைவதால் அது ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். கொடைக்கானலில் 23ஐ ஒட்டி நின்றுவிடும், பம்ப்பில் குறையே இருக்காது. ஒருமுறை எங்கள் ஊரில் 25ல் நின்றதைப் பார்த்து, கீழேயிருந்து வந்த மெக்கானிக் தம்பி இன்னொரு லீக் இருக்கிறது என்று மூட்டுகளையெல்லாம் பிரித்துவிட்டார். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, பம்ப்பை நிறுத்தியபின் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், மாதக்கணக்கில் ஏசியைத் தொடாமல் விட்டால் கம்ப்ரசர் தண்டின் சீல் காய்ந்து அங்கேயும் கசியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஏசியை ஓட விடுகிறேன். அம்மா ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து பார்ப்பார். "இந்தக் குளிருல யாருக்குடா ஏசி?"