மூக்கு கழுவும் பாட்டில்: மாசமாக இருப்பவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கிற பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். அவ்வளவுதான் என் தீர்ப்பு, மீதியைப் படிக்க நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

நான் சொல்வது பார்மசியில் சளி மருந்து தட்டுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் இருக்குமே, அந்தச் சாமான். உள்ளே அமுக்கினால் பீய்ச்சுகிற மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, 240 மில்லி பிடிக்கும். மூடியின் நுனி மூக்குத் துவாரத்தில் பொருந்துகிற மாதிரி உருண்டையாக இருக்கும். கூடவே சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்கள். கம்பெனி பெயர் போடவில்லை, கோலாலம்பூரில் பெரிய பார்மசி எதற்குப் போனாலும் இரண்டு மூன்று கம்பெனி சரக்கு கிடைக்கிறது, எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். சமையல் உப்பின் அதே சோடியம் குளோரைடு, எரிச்சல் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையல் சோடா. மருந்து என்று எதுவும் இல்லை. நான் 50 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே காலைத் தும்மல் உண்டு. எழுந்ததும் வரிசையாகத் தும்மி, கண் அரித்து, மூக்கு ஒழுகி, குளித்து முடித்தால் சரியாகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் வசந்த காலம், புல், மகரந்தம் என்றுதான் இருக்கிறது, இன்றைக்கு மகரந்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வெளியே போ என்கிறார்கள். கோலாலம்பூர் செந்தூலில் வசந்த காலத்துக்கு எங்கே போவது? நமக்கு எதிரி மெத்தைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி, அதற்கு இந்த ஊர் ஈரக்காற்று சொர்க்கம், அதனால் வருஷம் பூராவும் சீசன்தான். அது போதாதென்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை குறைகிற மாதங்களில் சுமத்ராவில் காடு எரிந்தால் புகைமூட்டம் இங்கே வந்துவிடும். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள், ஞாபகம் இருக்கும். நான் மாசமாக இருப்பது அந்த மாதங்களில்தான். கீழே பிளாட் வாசலில் சீனர்கள் ஏழாம் மாதப் பூஜைக்குக் காகிதம் எரிப்பார்கள், மேலே நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி. யாரைக் குறை சொல்வது?

வழக்கமான தும்மலாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பாட்டில் பக்கமே போயிருக்க மாட்டேன். நான்காம் மாதம் தாண்டியதும் தும்மல் இல்லாத நேரத்திலும் மூக்கு அடைத்துக்கொண்டது, இரவு படுத்தால் இரண்டு பக்கமும் சிமெண்டு பூசின மாதிரி. அரசாங்க கிளினிக்கில் தாதியிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, பாதி அலர்ஜி பாதி வயிற்றுப் பிள்ளை என்றார். கர்ப்பகால மூக்கடைப்பு என்றே தனியாக ஒன்று இருக்கிறதாம். ஹார்மோன் ஏறி, உடம்பில் ரத்தம் கூடி, மூக்குக்குள் இருக்கும் சவ்வு வீங்கிக்கொள்கிறது. வாரக்கணக்கில் இழுக்கும், பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஏற்கெனவே அலர்ஜி உள்ளவளுக்கு இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாயால் மூச்சு விட்டு, தொண்டை வறண்டு, குறட்டை விட்டு (என் வீட்டுக்காரர் போனில் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறார், நன்றி), தூக்கம் கெட்டு, காலையில் மண்டை கனம்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். பொட்டலத்தைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, குலுக்கி, பாத்ரூம் சிங்க்கில் குனிந்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு துவாரத்தில் நுனியை வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். தண்ணீர் மூக்குக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அடுத்த துவாரம் வழியாக ஊற்றும். பாதி பாட்டில் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். யோகா வகுப்பில் ஜல நேத்தி செய்தவர்களுக்கு இது புதிது இல்லை. மற்றவர்களுக்கு முதல் தடவை புரை ஏறும், பயப்படாதீர்கள். தலையை அதிகம் நிமிர்த்தினால்தான் தொண்டைக்குப் போகிறது. அமுக்கும்போது எச்சில் விழுங்கக் கூடாது, முடிந்ததும் பலமாகச் சிந்தவும் கூடாது, காதில் அடைப்பு வரும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் நெற்றிப்பொட்டில் சுரீர் என்று ஏறுகிறது, உடம்புச் சூடு இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

வெளியே வருவதைப் பார்த்தால் உங்களுக்கே அசிங்கமாக இருக்கும். புகைமூட்டம் இருந்த நாட்களில் வெள்ளை சிங்க்கில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது, அதைப் பார்த்த பிறகு தினமும் செய்ய யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுவியதும் மூக்கு திறந்துகொள்கிறது. எவ்வளவு நேரத்துக்கு என்பது நாளைப் பொறுத்தது, நல்ல நாளில் பாதி ராத்திரி வரை, மோசமான நாளில் சாப்பிட்டு எழும் வரைதான். ஆனால் அந்தத் திறப்பு நிஜமானது. கோடாலித் தைலம் தடவினால் வருவது வேறு, அதில் இருக்கும் மெந்தால் மூக்குக்கு ஜில்லென்று காட்டி ஏமாற்றுகிறது, வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் சேர்க்கிறார்கள், அது ஆஸ்பிரின் வகையறா. அதனால் மாசமாக இருக்கும்போது அள்ளிப் பூசுவதற்கு முன்னால் லேபிளைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இதை என் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்! "ஏம்மா, தைலம் கெடுதல், உப்புத் தண்ணிய மூக்குல ஊத்துறது நல்லதா? புள்ள வயித்துல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். உப்புத் தண்ணீர் மூக்கோடு சரி, பிள்ளை வரைக்கும் போகாது என்று டாக்டர் வாயால் சொன்ன பிறகுதான் விட்டார்.

இப்போது தண்ணீர். இந்த ரிவியூவில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. குடித்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும், மூக்குக்குள் அந்தக் காவல் இல்லை. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம், அதுவும் வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் கிருமி அது. வீட்டில் மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, அந்தத் தண்ணீர் பில்டரை நம்பவும் கூடாது, கிருமியே இல்லாத தண்ணீர் தருவது அதன் வேலை இல்லை. செவன் லெவனில் வாங்கும் மினரல் பாட்டிலும் அப்படித்தான். மூன்று நான்கு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீர், அல்லது டிஸ்டில்டு வாட்டர். எலெக்ட்ரிக் கெட்டில் கொதி வந்ததும் தானாக நின்றுவிடும் என்பதால் நான் சட்டியில்தான் கொதிக்கவைக்கிறேன், இரவு கொதிக்கவைத்து சுத்தமான ஜாடியில் மூடி வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஈரமாக மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அலர்ஜிக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் மூன்று மாதம் வாந்தி இருக்கும்போது இது ஒத்துவராது, தொண்டையில் இரண்டு சொட்டு உப்பு இறங்கினாலே குடல் புரளும். கடைசி மாதங்களில் வயிற்றோடு சிங்க்கில் குனிவது ஒரு சர்க்கஸ், நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடியில் ஒரு பேசின் பாத்திரத்தை வைத்துக்கொள்கிறேன். தூங்கப் போகிற நேரத்தில் செய்யாதீர்கள், உள்ளே தங்கிய தண்ணீர் தலையணையில் இறங்கும். அதே மாதிரி வெளியே கிளம்புமுன் செய்தால், செருப்பு மாட்டக் குனிந்ததும் மூக்கிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் தரையில் கொட்டும், லிப்ட்டில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்னால் எனக்கு நடந்தது. மாசமாக இருக்கும்போது மூக்கில் ரத்தம் கசிவது சகஜம், கசிகிற நாளில் விட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியமான குறை, இது அலர்ஜியை நிறுத்தாது. உள்ளே போன தூசியைக் கழுவும், சளியைத் தளர்த்தும், அவ்வளவே. மோசமான வாரத்தில் எனக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் தேவைப்பட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தது புடெசோனைட், மூக்கு ஸ்பிரேக்களில் கர்ப்பிணிகள் அதிகம் பயன்படுத்திப் பார்த்தது அதுதான் என்றார். அரிப்பும் தும்மலும் தாங்காவிட்டால் லோராடடினோ செடிரிசினோ, அந்த அலர்ஜி மாத்திரைகளில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்றும் சொன்னார். கழுவிவிட்டு அதன் பிறகு ஸ்பிரே அடித்தால் மருந்து சளியில் நிற்காமல் சவ்வில் படுகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்ததில்தான் நான் விடியும் வரை தூங்கினேன். ஆஸ்துமாவும் இருப்பவர்கள், பிள்ளைக்கு ஆகாது என்று நீங்களாகவே இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு மூச்சு கிடைத்தால்தான் பிள்ளைக்கு ஆக்சிஜன்.

பெயர் வேண்டாம், ஒரு கடையில் நான் மாசமாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் கவுண்டர் பெண், இது வேண்டாம் அக்கா, அது உடனே திறக்கும் என்று அடைப்பு நீக்கும் ஸ்பிரேயைக் கையில் வைத்தார். உடனே திறக்கும், உண்மைதான். ரத்தக்குழாயைச் சுருக்கித் திறக்கிற வகை அது, மூன்று நாளைக்கு மேல் போனால் விட்ட பிறகு முன்னைவிட அதிகமாக அடைக்கும். மாதக்கணக்கில் இழுக்கிற கர்ப்பகால மூக்கடைப்புக்கு மூன்று நாள் மருந்தை வைத்து என்ன செய்வது? சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் வேண்டாம், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில் தொடக் கூடாது என்கிறார்கள். பார்மசியில் வெள்ளைக் கோட்டு போட்ட பார்மசிஸ்டைக் கூப்பிட்டு, எத்தனை மாதம் என்று சொல்லிக் கேளுங்கள்.

பாட்டிலோடு சேர்த்துக் காசு போட்ட மற்றவற்றைப் பற்றி இரண்டு வரி. மூக்கின் மேல் ஒட்டும் பட்டை பரவாயில்லை, குறட்டை குறைந்தது, தோல் எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஒட்டாது. ஏர் பியூரிபையர் புகைமூட்டத்துக்கு நல்லது, ஆனால் உண்ணி மெத்தையில் உட்கார்ந்திருக்கிறது, காற்றில் பறப்பதில்லை, அதனால் காலைத் தும்மலுக்கு அது பெரிதாக உதவவில்லை. அதற்கு உதவியது டோபி கடை, நாமே காசு போட்டு மெஷினில் துவைத்துக்கொள்கிற கடை. நம் வீட்டு மெஷின் பச்சைத் தண்ணீரில் துவைக்கிறது, உண்ணி சாக 60 டிகிரி சூடு வேண்டும். பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை டோபியில் சுடுநீரில் போட்டு, டிரையரை ஹையில் வைத்து ஓடவிட்டால் போதும், மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போட்டால் இன்னும் நல்லது.

மஞ்சளோ பச்சையோ கெட்டிச் சளியோடு காய்ச்சலும் கன்னத்தில் வலியும் வந்தாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ கழுவிக்கொண்டு உட்காராமல் கிளினிக்குக்குப் போங்கள். மற்றபடி உப்புப் பொட்டலம் மட்டும் தனிப் பெட்டியாகவும் விற்கிறார்கள், அதுதான் மலிவு. பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். சளி பிடித்த என் கொழுந்தன், அண்ணி ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான், அவனுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று.