கிருஷ்ணகிரியில் விலைக்கு வந்திருக்கும் ‘1964 லட்விக்’ டிரம்ஸ்: எது அசல், எவ்வளவு கொடுக்கலாம்?

ராயக்கோட்டை சாலைப் பக்கம், கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் குடோனில் லட்விக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர் தாங்கிய இந்த டிரம்ஸ் செட் கிடக்கிறது. இஞ்சில் சொன்னால் 22×14 பேஸ் டிரம் (காலால் அடிப்பது), 13×9 டாம் (அதன்மேல் மாட்டும் சின்ன டிரம்), 16×16 ஃப்ளோர் டாம் (தரையில் நிற்பது), 14×5 ஸ்னேர் (அடியில் கம்பி கட்டியது). வெளியே ஒட்டியிருப்பது வெள்ளை முத்து ஷீட். கேட்கும் விலை 1,40,000 ரூபாய். ‘முழுசும் 1964, ஒரிஜினல்’ என்கிறார்கள். இரண்டு டிரம்முக்கு அந்தப் பேச்சு ஏறக்குறைய பொருந்தும். மற்ற இரண்டுக்குப் பொருந்தாது.

பார்க்கப் போகிறவர்கள் டார்ச், காந்தம், இஞ்ச் டேப், டிரம் கீ நான்கையும் எடுத்துப் போங்கள். டிரம் கீயால் ஹெட்டை, அதாவது அடிக்கும் பரப்பைக் கழற்றாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. கழற்ற விடமாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடலாம். இங்கே தாராளமாக விட்டார்கள்.

பேஸ் டிரம்மும் 13 இஞ்ச் டாமும் அசல். உள்ளே மூன்று அடுக்கு மரம், மேலும் கீழும் வலுவளையம், வெள்ளைப் பெயின்ட். லட்விக் 1960-களின் பிற்பகுதி வரை உள்பக்கம் இப்படித்தான் வெள்ளை அடித்தது. பேஸ் டிரம்முக்குள் சிவப்பு மையில் ஆகஸ்ட் 1965 முத்திரை, டாமில் நவம்பர் 1965. மாதம் வேறுபடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஷெல்கள், அதாவது மரக் கூடுகள், தனித்தனியாகத் தயாராகி, பிறகுதான் செட்டாகச் சேர்ந்தன. பேட்ஜில், அதாவது கம்பெனி பெயர்த் தகட்டில், உள்ள எண்கள் அடுத்தடுத்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லட்விக் வாசித்த பிறகு ஆர்டர்கள் குவிந்தன. கம்பெனி எண் வரிசை பார்த்து பேட்ஜ் அடித்துக்கொண்டிருக்கவில்லை.

பெயின்ட் பழையதா என்பதை ஸ்குரூ துளையில் பாருங்கள். பெயின்ட் கம்பெனி அடித்ததாக இருந்தால், துளை அதற்குப் பிறகு போட்டது, ஓரத்தில் வெறும் மரம் தெரியும். துளைக்குள் பெயின்ட் வழிந்திருந்தாலோ, ஸ்குரூ தலைமேல் வெள்ளை ஒட்டியிருந்தாலோ பின்னால் யாரோ அடித்தது. 16 இஞ்ச் ஃப்ளோர் டாம் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். எல்லா ஸ்குரூ தலையிலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி எமல்ஷன். நகத்தால் சுரண்டினால் செம்பழுப்பில், துளைதுளையாக வரியோடும் மரம் தெரிகிறது. அது லுவான், அந்தக் காலத்து மலிவு ஜப்பான் செட்டுகளில் வந்த மரம். பேட்ஜோ அசல் லட்விக் பேட்ஜ். ஆனால் அதைச் சின்ன ரிவெட்டால் அடித்திருக்கிறார்கள், காற்றுத் துளை இரண்டு இஞ்ச் தள்ளித் தனியாக இருக்கிறது. லட்விக்கில் பேட்ஜைப் பிடித்திருக்கும் வளையமே காற்றுத் துளை.

ஷீட்டும் அதையே சொல்கிறது. ஒரு லக்கை (ஹெட்டை இறுக்கும் திருகு மாட்ட ஷெல்லின் வெளியே இருக்கும் உலோகக் கட்டை) கழற்றிப் பார்த்தால் போதும். வெளியே மஞ்சளேறி, லக் மூடியிருந்த இடம் வெளுப்பாக இருந்தால் ஷீட் பழையது. பேஸ் டிரம்மிலும் சின்ன டாமிலும் அப்படியே. ஃப்ளோர் டாமில் எல்லா இடமும் ஒரே வெள்ளை.

பேஸ் டிரம்மில் ஒரு காயம் உண்டு. டாம் மாட்டும் பழைய ரெயிலைக் கழற்றிவிட்டு, இரட்டை டாம் ஸ்டாண்டு வைக்க நான்கு துளை போட்டு, பின்னாளில் எம்-சீலால் அடைத்திருக்கிறார்கள். சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, விலைக்கு ஆகும். கழற்றிய அந்த ரெயிலை ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதால் கொஞ்சம் ஆறுதல்.

ஹெட் உட்காரும் ஷெல் ஓரம் சமமா என்று பார்க்க ஊரிலேயே வசதி இருக்கிறது: கிரானைட் பாலிஷ் பட்டறையில் இரண்டடிச் சதுரத் துண்டு ஒன்று. ஷெல்லை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே விளக்கு வைத்து, அறையை இருட்டாக்குங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். அசலான பேஸ் டிரம், சின்ன டாம் இரண்டிலும் ஒட்டுப் பகுதியில் மட்டும் மெல்லிய கோடாகக் கசிகிறது, ட்யூனிங் நிற்கும். ஓரத்தைப் புதிதாகச் சீவக் கொடுத்துவிடாதீர்கள், பழம்பொருள் மதிப்பு அங்கேயே போய்விடும். அடுத்து விட்டத்தை நான்கு திசையில் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஷெல் முட்டை வடிவம் கண்டுவிட்டது என்று அர்த்தம். தகரக் கொட்டகை வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தவற்றுக்கு இது வரும். இங்கே 2 மில்லிமீட்டர், தாங்கும்.

ஸ்னேர், லட்விக்கின் சுப்ராஃபோனிக் 400 என்ற மாடல். காந்தம் பிடிக்கவில்லை, எனவே இரும்பு நகல் அல்ல. குரோம் பூசிய அலுமினியம். உப்புப் பூத்த மாதிரி புள்ளிகள் இருக்கின்றன. அலுமினியத்தில் குரோம் சரியாக ஒட்டாது, இந்த மாடலுக்கே உள்ள வியாதி. மெருகு போட்டால் இன்னும் உரியும், அப்படியே விடுங்கள். பேட்ஜ் கூர்முனை கொண்ட நீலம்-ஆலிவ், அதாவது 1970-களின் ஸ்னேர். 1964-க்கு வாய்ப்பே இல்லை. ஆனாலும் இந்தக் குவியலில் உடனே மேடை ஏறக்கூடியது இதுதான். ஹெட்டும் கீழ்க்கம்பியும் புதுசு. தேய்மானப் பொருள் என்பதால் அதற்காக விலை குறைக்கத் தேவையில்லை.

விலையைச் செட்டாகப் பேசாமல் உருப்படி உருப்படியாகப் பேசுங்கள். எங்கள் கணக்கில் ஸ்னேர் 32,000. துளை விழுந்த பேஸ் டிரம்மும் டாமும் ரெயிலோடு சேர்த்து 50,000. ஃப்ளோர் டாம் லுவான் விலைக்கு 5,000. ஸ்டாண்டு, பெடல் எல்லாம் 5,000. மொத்தம் 92,000. நான்கும் அசலாக, துளையில்லாமல் இருந்திருந்தால் கேட்ட விலையைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. ஃப்ளோர் டாமை அவர்களே வைத்துக்கொண்டால் 85,000-க்கு முடிக்கப் பாருங்கள். அதிலிருக்கும் பேட்ஜை மட்டும் தனியாக விலை பேசாதீர்கள். அது அடுத்த லுவான் ஷெல்லில்தான் போய் உட்காரும்.