கல்லீரல் கொழுப்பைக் குறைக்க வேகமா, நிதானமா, ஊசியா?

ஒரே மாதத்தில் எனக்கும் அத்தானுக்கும் ஸ்கேனில் ஒரே வரி வந்தது: ஃபேட்டி லிவர், கிரேடு 2. இருவரும் 80 கிலோ. இருவருக்கும் குடிப்பழக்கம் கிடையாது, அதனால் முதலில் நம்பவே முடியவில்லை. குடிக்காவிட்டாலும் எடையும் சர்க்கரையும் கூடினால் கல்லீரலில் கொழுப்பு படியும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அத்தான் வேகமான வழியில் போனார். காலையில் ஜூஸ், ராத்திரி பட்டினி. ஆறு வாரத்தில் 11 கிலோ இறங்கியது, ஊரே பாராட்டியது. மூன்றாம் மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கல். வாரம் 1.5 கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால் இந்த ஆபத்து கூடும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கொழுப்பே சாப்பிடாததால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதும் இல்லை. தசையும் சேர்ந்து கரைகிறது. அப்புறம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடை மறுபடி ஏறியது.

நான் எடுத்தது நிதான வழி. எங்கள் வீட்டில் சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும்தான். பச்சைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 160 கலோரி, அத்தனையும் மாவுச்சத்து, புரதம் பேருக்குத்தான். அதனால் தட்டைத் திருப்பிப்போட்டேன்: மீன் நாலு, கிழங்கு மூன்று கண்டம், மிச்ச இடத்தில் பயறும் கீரையும். "மக்ளே, ரெண்டு கண்டம் கூட வையட்டா?" என்று அம்மா கேட்கும்போது மறுப்பதுதான் கஷ்டம். சாயாவில் சீனியை விட்டேன், பழம்பொரியை ஞாயிறுக்கு ஒதுக்கினேன். காலையில் சொத்தவிளைக் கடற்கரையில் அரைமணி நடை. எடை குறையாவிட்டாலும் நடை மட்டுமே கல்லீரல் கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும். எட்டு மாதத்தில் ஆறரை கிலோ குறைந்தேன்.

அது கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் எடையில் 5 சதவீதம் போனாலே கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 சதவீதம் போனால் கல்லீரலின் வீக்கம் (அழற்சி) தணிகிறது. 10 தாண்டினால், வீக்கம் நீடித்துக் கல்லீரலில் விழுந்த தழும்பும் குறைய வாய்ப்புண்டு. 80 கிலோ ஆளுக்கு எட்டு கிலோ, அவ்வளவுதான்.

நேரம் பார்த்துச் சாப்பிடும் விரதமும் நல்லதுதான், ஆனால் அதே கலோரியைச் சாதாரணமாகக் குறைத்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான்.

எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசியை 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கல்லீரலுக்காகவும் அனுமதித்தது. 72 வார ஆய்வில் ஊசி போட்டவர்களில் சுமார் 63 சதவீதத்தினருக்கு வீக்கம் தீர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 34. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், செலவும் அதிகம். அதுவும் எல்லாருக்குமான மருந்தல்ல, தழும்பு ஓரளவு விழுந்தவர்களுக்கு.

ஸ்கேனில் வரும் கிரேடு கொழுப்பைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. தழும்பை அறிய, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற சோதனை வேண்டும். அத்தானுக்கு அடுத்த வாரம் எடுக்கிறோம். ஊசியைப் பற்றிய பேச்சு அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான்.